அந்தக் கணக்கு யாருக்கு? அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் ஓர் ஆண்டு

இந்த எபிசோடை என்னோட ஒரு சின்ன அவமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், என்.எஸ்.எஸ். கேம்ப். சென்னைக்கு வெளியே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் சர்வே எடுக்கச் சொன்னார்கள். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, இப்படி இரண்டு பக்கம் கேள்விகள். மூன்றாவது மாடியில் ஓர் அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் படிவத்தை மடித்துக் கிளம்பும்போதுதான் கேட்டார்: "போன வருஷமும் இதே மாதிரி பசங்க வந்து எழுதிட்டுப் போனாங்க தம்பி. அதெல்லாம் என்ன ஆச்சு?"

"மேல அனுப்பியிருப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படி இறங்கிவிட்டேன். எங்கள் படிவங்கள் கேம்ப் ரிப்போர்ட்டில் நான்கு பை சார்ட்டாக மாறின. அந்த நான்கையும் போட்டது நான்தான். அதற்கு மேல் அவை எங்கேயும் போகவில்லை.

இன்றைக்கு டேட்டாவை வைத்து டாஷ்போர்டு கட்டுவதுதான் என் வேலை. அந்த அம்மா கேட்ட கேள்வி அவ்வப்போது ஞாபகத்துக்கு வரும். 125 வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில், கிட்டத்தட்ட இதே கேள்வியோடு வேலை பார்த்தவர்களைப் பற்றிப் படித்தபோது, இதை உங்களிடம் சொல்லியே ஆகணும் என்று தோன்றியது.

1968-க்கு முன்னால்

பிளாக் ஸ்டடீஸ், அதாவது கறுப்பின மக்களின் வரலாற்றையும் வாழ்க்கையையும் படிக்கும் துறை, எங்கே தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலும் 1968-ஐச் சொல்வார்கள். அந்த வருஷம் நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். அடுத்த மார்ச் வரை போராட்டம் ஓடியது. அமெரிக்காவின் முதல் பிளாக் ஸ்டடீஸ் துறை அங்கேதான் அமைந்தது. அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய துறைகளும் ஆய்வு நிறுவனங்களும் வந்தன.

இந்த நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வேலையைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக இரண்டு பகுதி இருக்கும். ஒன்று ஆராய்ச்சி: புத்தகங்கள், கருத்தரங்குகள், மாணவர்களின் ஆய்வுகள். இன்னொன்று சமூகப் பணி: அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குப் போவது, பொதுமக்களுக்குக் கூட்டம் நடத்துவது. எனக்கு இதில் ஒரு சந்தேகம். இது இரண்டும் ஒரே வேலையா, இல்லை ஆராய்ச்சி செய்துவிட்டு மிச்ச நேரத்தில் செய்கிற தொண்டா?

இந்தச் சந்தேகத்தோடு பின்னால் போனால், 1899-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் போய் நிற்போம்.

ஒரு நூற்றாண்டுத் திட்டம், ஐயாயிரம் டாலர்

அட்லாண்டா பல்கலைக்கழகம் 1865-இல், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கப்பட்டது. மாநில அரசு வருஷத்துக்கு 8,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. 1887-இல் அது நின்றுபோனது. காரணம், அங்கே வேலை பார்த்த வெள்ளை ஆசிரியர்களின் பிள்ளைகள் கறுப்பின மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். பிரித்து உட்கார வைக்கப் பல்கலைக்கழகம் சம்மதிக்கவில்லை. அதற்குப் பிறகு நன்கொடையை நம்பித்தான் வண்டி ஓடியது.

1896-இலிருந்து அங்கே ஒவ்வொரு மே மாதமும் ஒரு மாநாடு. முதல் கேள்வியே நேரடியானது: நகரங்களில் கறுப்பின மக்கள் ஏன் இவ்வளவு அதிகமாகச் சாகிறார்கள்? பல நகரங்களில் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் இருந்த பழைய மாணவர்கள், சம்பளம் எதுவும் வாங்காமல், தங்கள் தெருக்களில் கணக்கெடுத்து அனுப்பினார்கள்.

1897 கடைசியில் இந்த வேலையைப் பொறுப்பேற்க ஒருவர் வந்தார். டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். பிரெஞ்சுப் பெயர் மாதிரி 'டு புவா' என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, 'பாய்ஸ்' என்றுதான் சொல்லணும். அப்போது அவருக்கு வயது 29. ஹார்வர்டில் பிஎச்.டி. வாங்கிய முதல் கறுப்பின அமெரிக்கர். பெர்லினில் படித்தவர். அதற்கு முந்தைய வருஷம்தான் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் குடியிருந்து, ஏறக்குறைய 2,500 வீடுகளின் கதவைத் தட்டிக் கேள்வித்தாள் நிரப்பியிருந்தார். அது 1899-இல் 'தி ஃபிலடெல்ஃபியா நீக்ரோ' என்ற புத்தகமாக வந்தது.

அட்லாண்டாவுக்கு அவர் போட்ட திட்டத்தைக் கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தலைப்பு. வியாபாரம், கல்லூரிப் படிப்பு, பள்ளிக்கூடம், கைத்தொழில், தேவாலயம் என்று பத்து வருஷத்துக்குப் பத்து தலைப்பு. பதினோராவது வருஷம் மறுபடி முதல் தலைப்பு. இப்படியே நூறு வருஷம்! ஒரே கேள்வியைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்டால், எது மாறியது, எது மாறவில்லை என்று தெரிந்துவிடும். இதற்கெல்லாம் கிடைத்த பணம், அவருடைய சம்பளத்தையும் சேர்த்து, வருஷத்துக்கு 5,000 டாலரைத் தாண்டியதில்லை.

இந்தத் திட்டத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. வெள்ளையர்கள் எங்களை இழிவாக நடத்துவதற்குக் காரணம் அறியாமை. சரியான தகவலைச் சரியான முறையில் திரட்டிக் கொடுத்தால் அறியாமை போய்விடும். எனக்கு இது ரொம்பப் பழக்கமான நம்பிக்கை. டேட்டாவோடு வேலை பார்க்கிற எல்லோருக்கும் உள்ளுக்குள் இது கொஞ்சம் இருக்கும். 'மக்களுக்குத் தெரியல, அதான். காட்டினா புரிஞ்சிடும்.'

மிட்செல் தெரு

1899 ஏப்ரல். அட்லாண்டாவுக்குத் தென்மேற்கே இருந்த கிராமப்புறத்தில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினப் பண்ணைத் தொழிலாளி, தன் முதலாளியோடு ஏற்பட்ட தகராறில் அவரைக் கொன்றுவிட்டார். பத்திரிகைகள் அதோடு பாலியல் குற்றச்சாட்டையும் சேர்த்து எழுதித் தள்ளின. பின்னால் ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் ஒரு துப்பறிவாளரை அனுப்பி விசாரித்தார். தற்காப்புக்காக நடந்த கொலை, பாலியல் குற்றச்சாட்டு பொய் என்று அந்த விசாரணை சொன்னது.

விசாரணைக்கெல்லாம் யாரும் காத்திருக்கவில்லை. ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை, நியூனன் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பெரிய கும்பல் அவரைச் சித்திரவதை செய்து உயிரோடு எரித்தது. வேடிக்கை பார்க்க அட்லாண்டாவிலிருந்து சிறப்பு ரயில் போனது.

டு பாய்ஸ் என்ன செய்தார் தெரியுமா? நடந்த விஷயங்களை நிதானமாக, ஆதாரத்தோடு ஒரு கடிதமாக எழுதினார். 'அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன்' பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்த எழுத்தாளர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸிடம் கொடுக்க நடந்து போனார். வழியிலேயே சேதி வந்தது. ஹோஸை ஏற்கெனவே கொன்றுவிட்டார்கள். அவருடைய விரல் மூட்டுகள், இதோ இதே மிட்செல் தெருவில், கொஞ்சம் தள்ளி ஒரு மளிகைக்கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

அவர் திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டார். கடிதம் கையிலேயே இருந்தது.

அந்த மளிகைக்கடை வாசலில் நின்றவர்களுக்கு அறியாமையா? எந்தத் தகவல் குறைந்துபோய் அவர்கள் அங்கே நின்றார்கள்? இந்தக் கேள்விக்கு அவர் திட்டத்தில் இடமே இல்லை.

ஒரு மாதம் கழித்து, மே 24 அன்று, அவருடைய ஒரே மகன் பர்கார்ட் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனான். இன்னும் இரண்டு வயது முடியவில்லை. டு பாய்ஸும் மனைவி நீனாவும் குழந்தையைத் தெற்கு மண்ணில் புதைக்க மனமில்லாமல், தன் சொந்த ஊரான கிரேட் பாரிங்டனுக்கே கொண்டுபோனார்கள்.

மே 30, 31 தேதிகளில் அட்லாண்டாவில் நான்காவது மாநாடு திட்டமிட்டபடி நடந்தது. அந்த வருஷத் தலைப்பு வியாபாரம். பல ஊர்களில் கறுப்பினத்தவர் நடத்திய கடைகள், முடிதிருத்தும் நிலையங்கள், அச்சகங்கள் எல்லாம் கணக்கெடுக்கப்பட்டிருந்தன. அறிக்கையைத் தொகுத்தவர் டு பாய்ஸ்தான். அந்தப் பக்கங்களைப் படித்தால், அந்த மாதம் அவருக்கு என்ன நடந்தது என்று ஒரு வரியில்கூடத் தெரியாது.

பாரிசுக்குப் போன தாள்கள்

அதே வருஷக் கடைசியில் இன்னொரு வேலை வந்தது. 1900-இல் பாரிஸில் உலகக் கண்காட்சி. அதில் கறுப்பின அமெரிக்கர்களுக்கென்று ஒரு பகுதி வேண்டும் என்று, டு பாய்ஸுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பழக்கமான தாமஸ் காலவே பிரசாரம் செய்திருந்தார். அமெரிக்க காங்கிரஸ் 15,000 டாலர் ஒதுக்கியது. நாடாளுமன்ற நூலகத்தில் வேலை பார்த்த டேனியல் மர்ரி கறுப்பினத்தவர் எழுதிய புத்தகங்களைத் திரட்டினார். டு பாய்ஸுக்குக் கொடுக்கப்பட்டது ஜார்ஜியா மாநிலத்தின் சமூக ஆய்வு. கையில் இருந்தது சில மாதங்கள்தான்.

அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து மையும் நீர்வண்ணமும் வைத்துக் கையாலேயே 60-க்கும் மேற்பட்ட சார்ட்டுகளை வரைந்தார்கள். இன்றைக்கும் இணையத்தில் போய்ப் பார்க்கலாம். கட்டாயம் பாருங்க. கம்ப்யூட்டர் கிடையாது, சார்ட் லைப்ரரி கிடையாது. ஆனால் இன்று ஒரு டிசைனர் போட்டதுபோல இருக்கும்.

ஒரு சார்ட்டில் 1890-இல் ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்ற கணக்கு. பெரிய நகரங்களில் 78,139 பேர். அது ஒரு நேர்க்கோடு. கிராமங்களில் 7,34,952 பேர். அதை நேர்க்கோடாகப் போட்டால் தாளுக்குள் அடங்காது. அதனால் சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய சுருளாகச் சுற்றிவிட்டார்கள். பார்த்தவுடனே புரிந்துவிடும், இந்த மக்களின் வாழ்க்கை வயல்காட்டில்தான் இருக்கிறது என்று.

இன்னொன்று வீட்டுச் சாமான்களின் மதிப்பு. நாற்காலி, கட்டில், அடுப்படிப் பாத்திரங்கள். 1875-இல் 21,186 டாலர். 1899-இல் 14,34,975 டாலர். ஒரு தலைமுறைக்கு முன்னால் தாங்களே இன்னொருவரின் சொத்தாக இருந்தவர்கள் இவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சார்ட்டைப் பாருங்க.

எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்தறிவின்மை பற்றிய சார்ட். 1860-இல் 99 சதவீதம். 1890-இல் 67.27 சதவீதம். 1900-க்கு வந்ததும் அடைப்புக்குறிக்குள் 50 சதவீதம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கு இன்னும் வரவில்லை. அதனால் 'இது எங்கள் ஊகம்' என்று பளிச்சென்று காட்டிவிட்டார்கள். தங்கள் பக்கத்து வாதத்துக்குச் சாதகமான எண்ணுக்கே கேள்விக்குறி போடுகிற நேர்மை அது.

கடைசியாக ஒன்று. ஜார்ஜியாவின் நகரங்களில் கறுப்பினத்தவர் வைத்திருந்த சொத்தின் மதிப்பு. சாதாரண வரிக் கணக்கு, ஒரே ஒரு கோடு ஏறி இறங்குகிறது. ஆனால் கோட்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில், காலவரிசைப்படி, சில வார்த்தைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அரசியல் கொந்தளிப்பு. கு கிளக்ஸ் வெறி. புதிய தொழில்மயம். கும்பல் கொலை. நிதி நெருக்கடி. வாக்குரிமைப் பறிப்பு.

ஏப்ரலில் கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பியவர், அடுத்த வருஷம் அதே விஷயத்தை வரைபடத் தாளில் எழுதிவிட்டார். கோடு தானாக இறங்கவில்லை, யாரோ இறக்கினார்கள் என்று அது சொல்கிறது.

பாரிசுக்குப் போக டு பாய்ஸிடம் காசு இல்லை. கப்பலின் கீழ்த்தளத்தில், மிக மலிவான டிக்கெட்டில் போய், கண்காட்சியை அவரே நின்று மாட்டினார். தங்கப் பதக்கம் கிடைத்தது.

பதக்கத்துக்குப் பிறகு

இந்தக் கதையைச் சொல்கிற பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். அழகான சார்ட், தங்கப் பதக்கம், சுபம். ஆனால் 1940-இல் டு பாய்ஸ் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, அந்த ஆராய்ச்சித் திட்டம் உடைந்துபோனதற்கு இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, தன் மக்கள் கொல்லப்படும்போது ஒதுங்கி நின்று அமைதியாக அளந்துகொண்டிருக்கும் விஞ்ஞானியாக ஒருவரால் இருக்க முடியாது. இரண்டு, அப்படிப்பட்ட ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்க உண்மையில் ஆளே இல்லை.

அந்த இரண்டாவது காரணத்துக்கு ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. 1906-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக அலபாமாவின் லௌண்டஸ் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். வீடு வீடாகப் போய்த் திரட்டியது. கையால் தீட்டிய வரைபடங்கள் உட்பட எல்லாவற்றையும் அரசிடம் கொடுத்தார். அரசியல் விஷயங்களைத் தொடுகிறது என்று சொல்லி வெளியிட மறுத்தார்கள். பிறகு கேட்டால், அழித்துவிட்டோம் என்றார்கள். பேக்கப் கிடையாது. 1910-இல் அவர் அட்லாண்டாவை விட்டு, கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் புதிதாகத் தொடங்கப்பட்ட தேசிய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யில் பத்திரிகை ஆசிரியராகச் சேர்ந்தார்.

அப்படியானால் அட்லாண்டா தோல்வியா? அப்படித்தான் நானும் நினைத்தேன், அதே மாநாடுகளில் பெண்கள் என்ன பேசினார்கள் என்று தேடிப் படிக்கும்வரை.

1897 மாநாட்டிலேயே ரோசா மோர்ஹெட் பாஸ் மழலையர் பள்ளி ஏன் வேண்டும் என்று கட்டுரை படித்தார். செலீனா ஸ்லோன் பட்லர் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஏன் வேண்டும் என்று படித்தார். வீட்டு வேலைக்கும் துணி வெளுக்கவும் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது? இறப்புக் கணக்கைப் பார்த்தவுடன் இவர்கள் மனதில் வந்தது இதுதான். 1905-இல் அந்த ஊர்ப் பெண்கள் 'கேட் சிட்டி இலவச மழலையர் பள்ளிச் சங்கம்' தொடங்கினார்கள். மாநாட்டில் விழுந்த விதை அது.

அதில் முன்நின்றவர்களில் ஒருவர் லுஜீனியா பர்ன்ஸ் ஹோப். கல்லூரி ஆசிரியர் ஜான் ஹோப்பின் மனைவி. டு பாய்ஸின் மாநாடுகளுக்குப் போய் வந்தவர். அவர் தெருவில் ஓர் இளம்பெண் நோயில் இறந்துபோனார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவரைச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அது மனதைக் குடைய, 1908-இல் 'நெய்பர்ஹுட் யூனியன்' என்ற அமைப்பைப் பெண்கள் உருவாக்கினார்கள். முதலில் செய்த வேலைகளில் ஒன்று சர்வே. பகுதியைச் சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்துப் பெண்ணே அந்தந்த வட்டாரத்து வீடுகளுக்குப் போனார். 1913-இல் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளை நேரில் ஆய்வுசெய்து, அங்கிருந்த நெரிசலையும் சுகாதாரக் கேட்டையும் எழுதி, அந்தக் கணக்கோடு கல்வி வாரியத்தின் முன் போய் நின்றார்கள்.

வித்தியாசம் புரியுதா? முறை அதேதான். கதவைத் தட்டு, கேள், எழுது. ஆனால் இங்கே கேள்வி கேட்டவர் அடுத்த நாளும் அதே தெருவில்தான் இருப்பார். 'அதெல்லாம் என்ன ஆச்சு' என்று யாராவது கேட்டால், 'மேல அனுப்பியிருக்கோம்' என்று படி இறங்கிப் போக முடியாது.

டு பாய்ஸ் சொன்ன இரண்டாவது காரணத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். மேலே இருந்தவர்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை, உண்மை. ஆனால் பக்கத்துத் தெருவில் அதைக் கேட்க ஆள் இருந்தது. என் பழைய சந்தேகத்துக்கும் இதில்தான் பதில் கிடைத்தது. சமூகப் பணியை ஆராய்ச்சிக்குப் பின்னால் ஒட்டும் தொண்டாக நினைத்தால் அது தொண்டாகவே நின்றுவிடும். எடுத்த கணக்கு, யாரிடம் எடுத்தோமோ அவர்கள் கையில் போய்ச் சேர்வதும் ஆராய்ச்சிதான்.

டு பாய்ஸ் தொகுத்த அட்லாண்டா மாநாட்டு அறிக்கைகள் 1914 வரை வந்தன. நூறு வருஷத் திட்டம் இருபதைத் தொடவில்லை. பாரிஸ் சார்ட்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

என் படிவங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் பதில்களில் ஒன்று மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? லாரியில், இரண்டு நாளைக்கு ஒருமுறை. சில சமயம் அதுவும் வராது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால் பை சார்ட்டில் 'பிற ஆதாரங்கள்' என்ற மெல்லிய துண்டுக்குள் போட்டுவிட்டேன். சாம்பல் நிறம். லெஜண்டில் கடைசி வரி.